விரலை எடுக்காதீங்க, ஏழுமலை

செய்தி என் பெண் செல்வியின் போனில் வந்தது. அவள் குளிக்கப் போயிருந்தாள். போன் சத்தம் போட்டதும் நானே எடுத்துப் பார்த்தேன். 'நம்' என்று இருந்தது. அடுத்து 'அன்பு'. அதற்கடுத்து 'எஸ்தர்'. அந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம். எழுத்துக் கூட்டாமல் நான் படிக்கும் பெயர்களில் அது ஒன்று. அதே சந்தோஷத்தில் மீதியையும் படித்துக்கொண்டே போனேன். கடைசிச் சொல்லுக்கு நான் வந்த நேரம் செல்வி தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாள்.

"இன்னாப்பா, யாரு மெசேஜ்?"

நான் போனை அவளிடம் கொடுக்கவில்லை. நானே படித்துச் சொன்னேன். இத்தனை வயதுவரை எல்லாச் சாவையும் யாராவது சொல்லித்தான் எனக்குத் தெரியும். நானே படித்துத் தெரிந்துகொண்ட முதல் சாவு, எனக்குப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவருடையதாகிவிட்டது.

எஸ்தர் டீச்சரின் நினைவுக் கூட்டத்தில் வாசிக்க இதை எழுதுகிறேன். மெதுவாகத்தான் வருகிறது. ஒரு வரி முடிந்ததும் நிறுத்தி அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். துக்கத்தை எழுதும்போது இவ்வளவு மகிழலாமா என்று தெரியவில்லை. ஆனால் நான் 'ழ' போட்ட அன்று டீச்சர் கைதட்டியதை நினைத்தால், மகிழலாம் என்றுதான் தோன்றுகிறது.

நான் தாம்பரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவன். இப்போது பெரும்பாக்கத்தில் செல்வியோடு இருக்கிறேன். எங்கள் பிளாக்கில் கீழ் அறை ஒன்றில் டீச்சர் பெரியவர்களுக்கு வகுப்பு எடுத்தார். என்னைவிட வயதில் சின்னவர். வகுப்பு தொடங்கினால் நான் 'ஏழுமலை'. முடிந்தவுடன் 'ஏழுமலை அண்ணா, டீ குடிச்சிட்டுப் போங்க'. பிறகு அவருக்கு இதயத்தில் கோளாறு என்று டாக்டர் பஸ் ஏறக் கூடாது என்றார். மற்றவர்கள் நின்றுவிட்டார்கள். நானும், மேடவாக்கத்தில் மீன் விற்ற குப்பம்மாவும் மட்டும் விடவில்லை. டீச்சர் கீழ்க்கட்டளையில் தன் வீட்டிலிருந்து வீடியோவில் பாடம் எடுக்க ஆரம்பித்தார்.

அவர் வீட்டுக்குள் செல்போன் சிக்னல் எட்டாது. லேண்ட்லைன் வழியாக வரும் இன்டர்நெட்தான். அது நிலையாக இருக்காது. படித்துக்கொண்டிருக்கும்போதே டீச்சர் வாயைத் திறந்தபடி சிலையாகிவிடுவார். அதற்கு அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். "லைன் போனா முதல்லேருந்து படிக்கக் கூடாது. எந்தச் சொல்லுல நின்னீங்களோ அங்க விரலை வெச்சுக்குங்க. நான் வந்ததும் அங்கிருந்து போலாம். விரலை எடுக்காதீங்க, ஏழுமலை."

ஒருநாள் போன லைன் வரவேயில்லை. நான் விரலை வைத்தபடியே இருந்தேன். செல்வி தட்டைக் கொண்டுவந்து வைத்தாள்.

"அப்பா, சோறு ஆறுது. வெரல எட்த்துட்டு துன்னு."

"டீச்சர் வந்துருவாங்கம்மா."

"அவங்களே துன்னுட்டு படுத்துருப்பாங்க!"

இடது கை விரலை அந்தச் சொல்லில் மாற்றி வைத்துவிட்டுச் சாப்பிட்டேன். மறுநாள் செல்வி இதைப் போட்டுக்கொடுத்துவிட்டாள். டீச்சர் சிரிக்கவில்லை. "இந்த மாதிரி ஒரு பையன் என் கிளாஸ்ல முன்னாடி வரலையே" என்றார்.

அப்போது நாங்கள் படித்தது, ஒரு யானை சந்தைக்குள் புகுந்துவிட்ட கதை. ஒரே பக்கம். ஆனால் நான் படித்தாலும் குப்பம்மா படித்தாலும் யானை சந்தை வாசலைத் தாண்டுவதற்குள் லைன் அறுந்துவிடும். குப்பம்மா ஒருநாள் சலித்துப்போய், "அந்த யான உள்ள பூர்றதுக்குள்ள நான் போய்ச் சேந்துருவேன் டீச்சர்" என்றார். டீச்சர், "நீங்க இருப்பீங்க குப்பம்மா. எனக்குத்தான் ஆபரேஷன் சொல்லியிருக்காங்க. அதுக்குப் போறதுக்கு முன்னாடி ஏழுமலை வாயால ஒரு பக்கம் முழுசாக் கேக்கணும்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார்.

புகார் கொடுத்தால் டெலிபோன் ஆபீசிலிருந்து ஆள் வருவார், பார்ப்பார், "இப்போ நல்லாத்தானே கீது" என்று போய்விடுவார். டீச்சர் யாரையும் திட்டவில்லை. பள்ளிக்கு ஒழுங்காக வராத பிள்ளையை அவர் எப்படிப் பார்ப்பாரோ அப்படித்தான் அந்த லைனையும் பார்த்தார். "அடிக்கடி காணாமப் போற பிள்ளையை அடிச்சுப் பிரயோஜனமில்ல. எப்பப் போகுது, வீட்ல என்ன கஷ்டம்னு பாக்கணும்" என்றார். நாங்களும் பார்த்தோம். டீச்சர் வீட்டு போன் மணி அடித்தால் லைன் போகிறது என்று கண்டுபிடித்தது குப்பம்மா. மழை பெய்தால் போகிறது, மத்தியான வெயிலிலும் போகிறது என்பதை டீச்சர் சொன்னார்.

இந்தத் தடவை பாபு என்ற லைன்மேன் வந்தார். "உங்க பாடம்தானே, நீங்களும் வாங்க" என்று டீச்சர் கூப்பிட்டதால் நாங்களும் பஸ் பிடித்து கீழ்க்கட்டளை போனோம். வாசல் கம்பத்தில் வயர் ஒட்டுப்போட்ட இடம் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. பாபு அதை வெட்டிவிட்டுப் புதிதாகச் சேர்த்தார். உள்ளே வந்து, "மோடம் எங்க டீச்சர்?" என்றார். டீச்சர் ஃபிரிட்ஜ் மேலே கைகாட்டினார். அங்கே ரோஜாப்பூ எம்பிராய்டரி போட்ட உறை ஒன்றுதான் இருந்தது. பாபு அதைத் தூக்கினார். உள்ளே மோடம்.

"இன்னா டீச்சர், இதுக்குப் போயி சொக்கா போட்டு வெச்சுக்கிறீங்க! தொட்டுப் பாருங்க, தோச சுடலாம்."

"தூசி படியுமேன்னு பாத்தேன்பா" என்றார் டீச்சர். வீட்டில் டி.வி.க்கும் மிக்சிக்கும் அப்படித்தான் தைத்துப் போட்டிருந்தார். குப்பம்மா சிரித்த சிரிப்பில் டீச்சரும் வெட்கத்தோடு சேர்ந்துகொண்டார்.

மோடத்தை ஃபிரிட்ஜிலிருந்து இறக்கி, வயர் வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே பாபு காற்றாட வைத்தார். பிறகு பின்னறையைப் பார்த்தார். அங்கே டீச்சரின் அக்கா படுக்கையில் இருந்தார். தலைமாட்டில் இன்னொரு போன்.

"இதான் டீச்சர் பேஜாரு. இந்த ரெண்டாவது போனைக் கழட்டிடலாம். மணி அடிச்சாலும் நெட்டு போவாது."

டீச்சர் முகம் மாறிவிட்டது. "அது மட்டும் முடியாது பாபு. என் பழைய பிள்ளைங்க எல்லாருக்கும் இந்த நம்பர்தான் தெரியும். அவங்க கூப்பிட்டா அக்காதான் எடுத்துப் பேசும். அக்கா வெளிய போயிட்டு வர்றதே அந்த போன்லதான்." என் பக்கம் திரும்பினார். "ஏழுமலை அண்ணா, உங்க யானை வெளியவே நிக்கட்டும்."

"நிக்கட்டும் டீச்சர்" என்றேன். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

பாபு தலையைச் சொறிந்தார். "இருங்க டீச்சர், அழ வெச்சிருவீங்க போல" என்று பையைத் துழாவி, தீப்பெட்டி அளவில் ஒரு டப்பாவை எடுத்தார். அக்காவின் போனுக்கும் சுவருக்கும் நடுவில் அதை மாட்டினார். பேச்சும் இன்டர்நெட்டும் ஒன்றையொன்று இடிக்காமல் அது பிரித்து அனுப்புமாம். முதலிலேயே போட்டிருக்க வேண்டியது, யாரோ விட்டுவிட்டார்களாம். தன் செல்போனிலிருந்து அந்த நம்பரைக் கூப்பிட்டார். மணி அடித்தது. மோடத்தின் பச்சை விளக்கு அசையவில்லை. அக்கா போனை எடுத்து, "யாரு கண்ணு, எந்த வருஷத்துப் பிள்ளை?" என்றார்.

மறுநாள் வெளியே நல்ல மழை. டீச்சர் கேட்ட முழுப் பக்கத்தையும் நான் முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். யானை சந்தை வாசலுக்கு வந்தது. டீச்சர் வீட்டில் மணி அடித்தது, அக்கா யாரோடோ சிரித்துப் பேசும் சத்தம் கேட்டது. யானை உள்ளே போனது. வெங்காய மூட்டையைத் தள்ளியது, வாழைத்தாரை எடுத்தது, ஒருவரையும் மிதிக்காமல் வெளியே வந்தது. பக்கம் முடிந்தது. நிமிர்ந்து பார்த்தால் டீச்சர் அசையாமல் இருந்தார். போச்சு என்று நினைத்தேன். விரலை எடுக்கவில்லை.

"டீச்சர், லைன் போயிட்ச்சா?"

"போகல" என்றார். "கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். குப்பம்மா தன் முந்தானையில் மூக்கைச் சிந்தினார்.

ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. திரும்பி வந்து வகுப்பும் எடுத்தார். பெரிய கதை ஒன்றை ஆரம்பித்தோம். ஒரு தையல்காரர், அவரிடம் கோபித்துக்கொள்ளும் மனைவி. மனைவி கதவைச் சாத்திக்கொண்ட இடத்தில், "மீதி நாளைக்கு" என்றார் டீச்சர். அன்று லைன் நன்றாக இருந்தது. மறுநாள் காலையில்தான் அந்தச் செய்தி வந்தது.

அடக்கத்துக்குப் போயிருந்தபோது அந்தப் பச்சை விளக்கைப் பார்த்தேன். எரிந்துகொண்டிருந்தது. பின்னறையில் மணி அடித்தபடியே இருந்தது. ஒவ்வொரு தடவையும் அக்கா எடுத்து, "ஆமா கண்ணு, நெசந்தான்" என்றார். பாபு வந்த அன்று அக்காவின் போனைக் கழற்றியிருந்தால் அத்தனை பிள்ளைகளும் யாரிடம் கேட்டிருப்பார்கள்?

டீச்சரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த விரல்தான். நேற்று குப்பம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். பாய் விரித்து உட்கார்ந்தோம்.

"எங்கண்ணே வுட்டாங்க டீச்சரு?"

புத்தகத்தைத் திறந்து, 'கதவு' என்ற சொல்லின் மேல் விரலை வைத்துக் காட்டினேன். அங்கிருந்து படித்தோம்.