ஐந்து பேர் பிணை நின்ற முன்பல்

தவணை கட்டி வாழ்வதும் ஒரு தொழில்தான். லீவு கிடையாது, சம்பளம் எதிர்த்திசையில் போகும். இந்தத் தொழிலில் என்னோடு இருப்பவர்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்லப்போவதில்லை. மற்ற நேரத்தில் ஒரு பத்திரிகைக் கந்தோரில் மெய்ப்புப் பார்க்கிறேன். செவ்வாய்க்கிழமை பின்னேரங்களில் நான் வெறும் கடன்காரி.

கையெழுத்து

தெல்லிப்பழைப் பக்கம் எங்கள் ஒழுங்கையில் அடுத்தடுத்த வீட்டுப் பெண்கள் ஐந்து பேர் குழுவாகக் கடன் எடுத்தோம். ஒருவருக்கு மற்ற நால்வர் பிணை. என் பங்கு வெங்காயத் தோட்டத்துக்குப் போனது. வெங்காயம் மழையில் அழுகியது. மூன்று மாதம் நான் கட்டவில்லை.

கடைசியில் கடன் தந்த நிறுவனம் ஓர் உடன்பாட்டுக்கு இறங்கியது. கிழமைக்கு இரண்டாயிரம் ரூபா. ஒரு கிழமை தவறினாலும் உடன்பாடு செல்லாது. மிச்சக் கடன் முழுவதையும் ஐவரிடமும் ஒரேயடியாகக் கேட்பார்கள். குழுத் தலைவி இராசமக்கா, கீரிமலையில் கச்சான் கடலை விற்பவர், முதலில் கையெழுத்து வைத்துவிட்டுப் பேனையை என்னிடம் நீட்டினார்.

"பிள்ளை, இனி நீ ஒரு சீலை வாங்கினாலும் எங்களிட்டைச் சொல்லிப்போட்டு வாங்கு."

கதிரை

இரண்டு மாதத்தில் என் மகள் அபி சைக்கிளால் விழுந்தாள். பதினொரு வயது, முன்பல் பாதி உடைந்தது. அரச வைத்தியசாலையில் காசில்லாமல் பார்த்தார்கள். நரம்பு செத்துவிட்டது, வேர்ச் சிகிச்சை செய்தால் பல் தப்பும், இங்கே முறை வரக் காலமெடுக்கும், அதற்குள் சீழ் வைத்தால் பிடுங்குவதுதான் என்றார் டொக்டர்.

நல்லூரில் ஒரு தனியார் பல் வைத்தியரிடம் கூட்டிப் போனேன். நாலு தடவை வர வேண்டும், தடவைக்கு ஆறாயிரம். குழுவுக்குச் சொல்லாத ஒரு மோதிரம் என்னிடம் இருந்தது. அது அடகுகடைக்குப் போனதில் இரண்டு தடவை சரிவரும். மிச்சத்தை மாதக் கடைசியில் தரலாமா என்று காசு வாங்கும் பெண்ணிடம் கேட்டேன். அவள் உள்ளே பல் பார்க்கும் கதிரையைக் காட்டினாள்.

"கதிரையிலை ஏற முதல் கட்டிப்போட வேணும் அக்கா. இறங்கினாப் பிறகு ஆரும் காசைப் பற்றிக் கதைக்கினமில்லை."

பொத்திய வாய்

உடைந்த பல் உடைந்தபடி இருந்திருந்தால் ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை என்று இரங்கி, டொக்டர் இரண்டாம் தடவையிலேயே உடைந்த பாதியைத் தற்காலிகமாகக் கட்டிவிட்டார். அபி கண்ணாடியை விட்டு நகரவில்லை. அது காசு செலவழித்த பல் என்று தூரத்திலேயே தெரிந்தது.

ஒழுங்கைக்குள் ஆரைக் கண்டாலும் சிரிக்காதே, கதைத்தால் வாயைக் கையால் பொத்திக்கொள் என்று சொன்னேன்.

"அம்மா, இராசம் மாமி பகிடி விட்டா நான் என்ன செய்யிறது?"

ஒரு பூச்சியம்

ஒரு திங்கட்கிழமை விடிய அபியின் கன்னம் வீங்கியிருந்தது. அன்று பின்னேரமே மூன்றாம் தடவைக்குக் கூட்டிப் போக வேண்டியிருந்தது. கந்தோரில் மகளின் பல்லுக்கென்று நாலாயிரத்து ஐந்நூறு முற்பணம் கேட்டு வாங்கினேன். மிச்ச ஆயிரத்து ஐந்நூறையும் செவ்வாய்க்கிழமைக் காசில் எடுத்தேன்.

நல்லூருக்குப் புறப்பட முன் கடைசியாக மெய்ப்புக்கு வந்தது ஒரு பல் வைத்தியசாலை விளம்பரம். கட்டணத்தில் ஒரு பூச்சியம் விடுபட்டிருந்தது. திருத்தினேன். பக்கம் கட்டும் சிவா எட்டிப் பார்த்தான்.

"விட்டிருந்தா நாளைக்குப் பேப்பரோடை போய் அந்த விலைக்கே செய்யச் சொல்லிச் சண்டை பிடிச்சிருக்கலாமே அக்கா."

செவ்வாய்

எங்கள் குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. இராசமக்கா வீட்டு விறாந்தையில் பாய் விரித்து, எல்லோர் முன்னும் காசை எண்ண வேண்டும். தொகை சரிவரும்வரை ஒருத்தியும் எழும்பக்கூடாது. குறைத்தவள் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். அன்று நான் ஐந்நூறு ரூபாவை வைத்துவிட்டு எழுந்து நின்றேன்.

"அக்காமார், ஐஞ்சு மணிக்குள்ளை பதியவேணும்," என்றார் கிழமைக் காசு வாங்க வந்திருந்த நிறுவனத்து உத்தியோகத்தர். அப்போது நாலே முக்கால். கந்தோரில் சம்பளம் பிந்திவிட்டது என்று தொடங்கினேன். அந்த நேரம் பார்த்து அபி பூட்டிய வீட்டின் திறப்பை வாங்க வந்து படியில் நின்றாள், வாயைப் பொத்திக்கொண்டு.

"ஏன்டி வாயைப் பொத்திக்கொண்டு நிக்கிறாய்?" என்றார் இராசமக்கா. அபி என்னைப் பார்த்தாள். நான் சொல்லிக்கொண்டிருந்த பொய் பாதியில் நின்றது.

"கையை எடு, அபி," என்றேன்.

இன்னும் வீக்கம் வற்றாத கன்னமும் முழுப் பல்லும் வெளியே வந்தன.

"பல்லுக்கு எவ்வளவு முடிஞ்சுது?" என்றார் இராசமக்கா.

"இதுவரை பதினெட்டாயிரம், அக்கா."

"எங்களுக்கு ஒளிச்சு?"

"ஓம்."

ஒருத்தி பாயைவிட்டு எழும்பப் பார்த்தாள். "இரு," என்றார் இராசமக்கா. உள்ளே போய்க் கச்சான் விற்ற காசுப் பையைக் கொண்டுவந்து பாயில் கொட்டினார். எல்லாம் சில்லறை. நால்வரும் குனிந்து எண்ணினார்கள்; ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆயிரத்து ஐந்நூறு சரிவந்தபோது ஐந்து மணிக்கு மூன்று நிமிடம் இருந்தது. இராசமக்கா அபியின் நாடியைப் பிடித்துத் தூக்கிப் பல்லை வடிவாகப் பார்த்தார்.

"உந்தப் பல்லிலை இப்ப எங்கடை காசும் கிடக்கு. இனி என்னைக் கண்டா வாயைப் பொத்தாதை. கொம்மா வேணுமெண்டாப் பொத்தட்டும்."

நாலாவது தடவைக்கு இன்னும் ஆறாயிரம் தேவை. ஆனால் கிழமை தவறாமல் அபியின் பல்லைப் பரிசோதிக்க, நல்லூர் டொக்டரைவிடக் கண்டிப்பான நான்கு பேர் இப்போது எனக்கு இருக்கிறார்கள்.