தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில்

கல்யாணமான பெண்ணுக்கு எந்தச் சான்றிதழாக இருந்தாலும் அதில் புருஷன் பெயர் இருந்தால்தான் செல்லும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். யாரும் சொல்லித் தந்ததில்லை. ரேஷன் அட்டையில் என் பெயர், என் மனைவியின் ஆதாரில் என் பெயர், கேஸ் புத்தகத்தில் என் பெயர் என்று பார்த்துப் பார்த்து நானே இயற்றிக்கொண்ட சட்டம் அது. நாற்பத்தேழு வயதுவரை அதை எதிர்த்து யாரும் வழக்குப் போடவில்லை.

திருச்செங்கோட்டில், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்கு உதிரிபாகம் விற்கும் கடை எனக்கு. பில் போடுவது, கம்பெனிகளுக்குக் கடிதம் அடிப்பது, வராத சரக்கைப் போனில் விரட்டுவது எல்லாம் என் மனைவி. நான் கல்லாவில் உட்கார்ந்து முதலாளி மாதிரி இருப்பேன். அவள் தம்மம்பட்டிக்காரி. கல்யாணத்துக்கு முன்பே தமிழிலும் ஆங்கிலத்திலும் டைப்பிங் ஹையர் முடித்தவள். விசைப்பலகையில் நான் ஓர் எழுத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் அவள் ஒரு கடிதத்தை அடித்து, உறையில் போட்டு, ஒட்டியும் விடுவாள்.

ஒருநாள் மதியம் கடையில் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துகொண்டே சொன்னாள்.

"கவர்மெண்ட் டைப்பிஸ்ட் வேலைக்குப் பரீட்சை வருதுங்க. எழுதலாம்னு இருக்கேன்."

"இந்த வயசுலயா?"

"எனக்கு வயசு தடையில்லையாம். படிச்சுப் பார்த்துட்டேன்."

"எத்தனை லட்சம் பேரு எழுதுவாங்கன்னு தெரியுமா?"

"நீங்க எழுதலையில்ல, அதுல ஒருத்தரு கொறைச்சல்" என்று ரசத்தை ஊற்றினாள்.

அவள் படிக்க ஆரம்பித்தாள். எனக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. வீட்டில் வேலையில்லாமல் நிற்கிற ஆண்பிள்ளை ஆபத்தானவன். சான்றிதழ் இலாகாவை நானே எடுத்துக்கொண்டேன். அவள் பெயருக்குப் புதிதாகச் சாதிச் சான்றிதழ் வாங்குவது என்று முடிவு. இ-சேவை மையத்தில் தகப்பனார் பெயரா, கணவர் பெயரா என்று அங்கிருந்த பெண் கேட்டபோது, இதென்ன கேள்வி என்பதுபோலச் சிரித்துவிட்டு என் பெயரைச் சொன்னேன். கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்தேன், ஆர்.ஐ.யைப் பார்த்தேன், அலுவலக வாசலில் மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். நான்கு நாள் கடையை அவள் தலையில் கட்டிவிட்டு அவளுக்காகவே அலைந்தேன். தாள் கைக்கு வந்தது. என் பெயர் இனிஷியல் பிசகாமல் பளிச்சென்று இருந்தது. மனைவி பெயரைவிட என் பெயரைத்தான் இரண்டு தடவை படித்தேன்.

அவள் வாங்கிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"பத்திரமா வெச்சுக்கறேங்க" என்றாள்.

நாமக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் பரீட்சை. உள்ளே மனைவிமார்கள் எழுதிக்கொண்டிருக்க, வெளியே புங்கமரத்தடியில் கைப்பைகளையும் தண்ணீர்ப் பாட்டில்களையும் மடியில் வைத்துக்கொண்டு கணவன்மார்கள் நாங்கள் ஒரு வரிசை. வெளியே வந்தவளிடம் எப்படி என்று கேட்டேன். "நூறாவது கேள்வி தப்பா இருக்கும்" என்றாள். மற்றவை சரியா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. மாதங்கள் கழித்து முடிவு வந்தபோது அவள் தேறியிருந்தாள், நல்ல இடத்தில். சான்றிதழ்களை இணையத்தில் ஏற்றச் சொல்லிச் செய்தி வந்தது. அவளே பிரவுசிங் சென்டருக்குப் போய் ஏற்றிவிட்டு வந்தாள். அடுத்த புதன்கிழமை சென்னையில் சரிபார்ப்பு, அதையொட்டிக் கலந்தாய்வு. நான் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் டீ சொன்னேன்.

வெள்ளிக்கிழமை அப்படி டீ குடித்த ஒருவர் ரிக் முதலாளி. கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார்.

"சாதிச் சான்றிதழ்ல மட்டும் சூதானமா இருங்க. ஊட்டுக்காரர் பேரு போட்டிருந்தாச் செல்லாதுங்க. அப்பா பேருதான் இருக்கோணும். என்ற தங்கச்சிக்கு மறுபடியும் வாங்குனோம்."

"அப்படிங்களா" என்றேன். அதற்குப் பிறகு பேசிய எதுவும் எனக்கு நினைவில்லை. ஒருவருக்கு அவர் கேட்காத பேரிங்கைக் கொடுத்து, இதுதான் சரியாக இருக்கும் என்று சாதித்து அனுப்பியதாக அப்புறம் கேள்விப்பட்டேன்.

இரண்டு வருஷப் படிப்பு. கடையில் பில்லுக்கும் பில்லுக்கும் நடுவே, அடுப்படியில் குக்கர் விசிலுக்கும் விசிலுக்கும் நடுவே அவள் படித்த படிப்பு. புதன்கிழமை அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, போய் வாருங்கள் அம்மா என்று அனுப்பிவிடுவார்கள். அதுவும் என் பெயரால். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த நிமிடமே முடிந்திருக்கும். கேட்பதற்கு வாய் வர வேண்டுமே. பார்க்கிற ஒவ்வொரு முறையும், "பட்டுப்புடவை கட்டறதா, காட்டன் போதுமாங்க?" என்று அவள்தான் கேட்டாள். இளம்பிள்ளையில் எடுத்த புதுப்புடவை ஒன்று நாற்காலியில் மடித்துக் கிடந்தது. "பட்டே கட்டு" என்றேன்.

சனிக்கிழமை காலை, சேலத்தில் பேரிங் எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, ராசிபுரம் வழியாகத் தம்மம்பட்டிக்குப் பேருந்து ஏறினேன். மாமனாரைப் பார்க்க.

மாமனாருக்கும் எனக்கும் சண்டை ஒன்றும் கிடையாது. இருந்திருந்தால் சுலபம். கல்யாணம் பேச வந்தபோது அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: பொண்ணு டைப்பிங் முடிச்சிருக்கு, கவர்மெண்ட் வேலைக்கு எழுதட்டுமா. "எங்க ஊட்ல பொம்பளைங்க வேலைக்குப் போயித்தான் ஆகோணும்னு இல்லீங்க மாமா" என்று நான் சொன்னேன். அப்போது அது பெருமையான பதில் என்று நினைத்தேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். அதிலிருந்து இருபது வருஷமாக மரியாதை ஒரு பொட்டுக் குறையாமல் நடத்துகிறார். அந்த மரியாதைக்குத்தான் எனக்குப் பயம்.

மரவள்ளிக் காட்டில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க மாப்ள. தனியாவா?"

"சும்மா உங்களைப் பார்த்துட்டுப் போலாம்னுங்க மாமா."

"என்னையா?" என்று மண்வெட்டியை ஊன்றிக்கொண்டார்.

பேருந்தில் ஒத்திகை பார்த்து வைத்திருந்த எதுவும் உதவவில்லை. வரப்பில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"அப்போ எம்பேரு வேணும்."

"ஆமாங்க மாமா."

"உங்க பேரு பத்தல."

"பத்தலீங்க."

வாய்க்காலில் நிதானமாகக் கால் கழுவினார். "பாத்துடலாம் மாப்ள. நான் படிச்ச பள்ளிக்கூடத்து டி.சி., சாதி போட்டது, பீரோவுல எங்கியோ கெடக்கும். அது இருந்தா மேற்கொண்டு எழுதிப் போடலாம். தேடுங்க."

தேடினேன். பீரோவின் ஐந்து தட்டையும் கூடத்தில் இறக்கினேன். மோட்டார் வாங்கிய உத்தரவாத அட்டை, எங்கள் கல்யாணப் பத்திரிகை ஒரு கட்டு, எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிகள். அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கீழ்த்தட்டுல பாத்தீங்களா?"

"பாத்துட்டனுங்க."

"இன்னொருக்காப் பாருங்க."

"மாமா, நாளைக்கு ஞாயித்துக்கெழமை. தாலுகா ஆபீஸ் இருக்காதுங்களே."

"ஆமா, அது வேற இருக்கு" என்று இன்னொரு கடலையை உடைத்தார்.

இரண்டு மணி நேரம் போயிருக்கும். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. அப்போதுதான் அவர் போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார். எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

"ஏம்மா, மாப்ள இங்க வந்திருக்காரு."

"பேரிங் வாங்கவாப்பா?" என்றாள் அவள்.

"சாதிச் சான்றிதழுக்கு. பீரோவைக் கொட்டிட்டு நடுவுல உக்காந்திருக்காரு. நீ போன பொங்கலுக்கு இங்கிருந்து எடுத்துட்டுப் போனியே, பள்ளிக்கூடத்துல படிக்கிறப்ப வாங்குன சாதி அட்டை, எம்பேரு போட்டது. அதை ஏத்தினியா இல்லியா?"

"அதைத்தாம்ப்பா ஏத்தினேன். அப்பா பேரு இருக்கணும்னு விதியிலயே போட்டிருக்கே."

கல்யாணப் பத்திரிகைக் கட்டு ஒன்று என் மடியில் இருந்தது. அதைக் கீழே வைத்தேன்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று போனைப் பார்த்துக் கேட்டேன்.

"நாலு நாளு வெயில்ல அலைஞ்சு வாங்கிட்டு வந்தீங்க. வேண்டாம்னு சொல்ல மனசு வரலீங்க." பிறகு, "சாப்பிட்டுட்டு வாங்க" என்று வைத்துவிட்டாள்.

நான் மாமனாரைப் பார்த்தேன்.

"உங்களுக்கு மொதல்லயே தெரியுங்களா மாமா?"

"தெரியும்."

"அப்புறம் எதுக்குங்க என்னையத் தேட விட்டீங்க?"

"இருபது வருஷம் ஆச்சு மாப்ள" என்றார். "ரெண்டு மணி நேரம் தேடுனா என்ன."

முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனால் கடலையில் பாதியை என் பக்கம் நகர்த்தி வைத்தார். நானும் எடுத்துத் தின்றேன். எல்லாவற்றையும் பீரோவில் திரும்ப அடுக்கும்போது அவரும் கீழே உட்கார்ந்து ஒவ்வொரு கட்டாக எடுத்துக் கொடுத்தார். மத்தியானம் கோழிக்குழம்பு. மூன்றாவது தடவை சோறு போட்டுக்கொண்டே, "நல்லாப் படிச்சாளா?" என்று கேட்டார். படித்தாள் என்றேன். எப்படிப் படித்தாள் என்பதையும் சொன்னேன். அன்றைக்குத்தான் நாங்கள் இரண்டு பேரும் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போலப் பேசினோம்.

புதன்கிழமை சென்னையில் அவள் பட்டுப்புடவையோடு உள்ளே போனாள். சான்றிதழ்களில் ஒரு கேள்வியும் வரவில்லை. கலந்தாய்வில் அவள் ராசிபுரத்தில் ஓர் அலுவலகத்தைத் தேர்ந்தெடுத்தாள். அடுத்த மாதம் அங்கே டைப்பிஸ்டாக வேலையில் சேர்ந்தாள்.