எல்லாரையும் வரச் சொன்னவள்

இது கட்டுக்கதை இல்லை. நம்பாதவர்கள் மணப்பாறைக்கு வந்து ஜோதியைப் பார்க்கலாம். பேச மாட்டாள். முகத்தைப் பார்த்தாலே போதும்.

போன மே மாதம், வீட்டுக் குழாய் இணைப்புக்குக் கணக்கெடுக்க, மருங்காபுரிக்கு அப்பால் ஒரு சிற்றூருக்கு ஸ்கூட்டியில் போனாள். வீட்டில் எட்டு வயது மகள் சுபஸ்ரீ தனியாக, லேசான காய்ச்சலோடு. "உள்ள தாழ்ப்பாள் போட்டுக்க. யார் வந்தாலும் திறக்காத. அம்மா ரெண்டு மணிக்குள்ள வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள். மனசு பூரா வீட்டிலேயே இருந்தது.

அந்த ஊரில் ஒருவரும் முகம் கொடுக்கவில்லை. கதவை ஒருக்களித்தபடியே பதில் சொன்னார்கள். தெற்குப் பக்கம் போகவேண்டாம் என்று மட்டும் எல்லாரும் சொன்னார்கள்.

வேலை என்றால் வேலைதானே. போனாள்.

மணி 12.10. கடைசியில் ஒரே ஒரு வீடு. இருட்டுக்குள் ஒரு பெண் நின்றிருந்தாள்.

"எத்தனை பேருங்க?"

"ஏழு. குடிக்கத் தண்ணி இருக்கா?"

ஜோதி பாட்டிலை நீட்டினாள். உள்ளே அது கை மாறியது. மடக்… மடக்… திரும்பி வந்தபோது சொட்டு ஈரம் இல்லை. அடியில் புழுதி.

"இன்னும் வேணும்."

பாவமாக இருந்தது. நாம் எல்லாரும் வாய் நிறையச் சொல்வதைத்தான் அவளும் சொன்னாள். "மணப்பாறைப் பக்கம் வந்தா வீட்டுக்கு வாங்க."

"எல்லாருமா?"

"எல்லாரும்தான்."

உள்ளே யாரோ சிரித்தார்கள்.

12.40. தெற்குக் கடைசி வீட்டில் ஏழு பேர் என்றதும், ஊர்த் தண்ணீர் டேங்க் ஆபரேட்டர் ராமர் முறைத்தார். "அங்க ஏதுங்க வீடு?"

திரும்பிப் பார்த்தாள். சீமைக்கருவேலம் மட்டும்…

"அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

சொன்னாள். ராமர் பின்னால் நகர்ந்தார். "கிளம்புங்க. உடனே."

1.35. வீடு.

கதவில் வெளியே நாதாங்கி போட்டிருந்தது.

உள்ளே… "அம்மா… தண்ணி…"

திறந்தாள். சுபஸ்ரீயின் உதடு வெடித்திருந்தது. குடம், டிரம், பக்கெட்… எல்லாம் காய்ந்து கிடந்தன.

"யாரும்மா வந்தா?"

"நீதான் வரச் சொன்னியாமே."

"எங்க அவங்க?"

குழந்தை உள் அறையைப் பார்த்தது.

ஒரு வாரம் கழித்து ராமர் போன் செய்தார். குரலில் அப்படி ஒரு நிம்மதி.

"காலராக் காலத்துல அந்த ஏழு பேரையும் வீட்டுக்குள்ள வெச்சு வெளிய பூட்டி, தண்ணி குடுக்காமச் சாகவிட்டது எங்க ஊருதாங்க. அன்னையிலேருந்து தினம் உச்சி வேளையில தண்ணி கேட்டுக் கத்துவாங்க. நீங்க வந்து போனதுலேருந்து சத்தமே இல்ல. நல்லாயிருங்கம்மா."