ஈரத் தலையோடு வந்தவர்கள்

போன வாரம் எங்கள் இறால் ஷெட்டில் நடந்ததை உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும். இத்தனை வருஷமாக இறால் உரிக்கிறேன்... இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

காலையில் லோடு இறங்கியது. ராத்திரிக்குள் உரித்து, பேக் செய்து, கன்டெய்னர் ஹார்பருக்குப் போயாக வேண்டும். இந்த ஆர்டரும் கைவிட்டுப் போனால் ஷெட்டே இருக்காது என்று முதலாளி முன்னமே சொல்லியிருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் செய்தி வந்தது — எங்களோடு வேலை செய்யும் தேசம்மாவின் அப்பா செத்துப்போனார்.

எங்கள் குப்பத்தில் சாவு விழுந்தால், எடுக்கிற வரைக்கும் படகும் போகாது, யாரும் தொழிலில் கை வைக்கவும் மாட்டோம். முன்னே இருந்த சூப்பர்வைசர் இப்படி ஒரு நாளில் கேட்டைப் பூட்டினார். சுவரேறிக் குதித்துப் போனோம். அன்றைக்கு அப்புறம் ஒருத்தியாவது வேலைக்குத் திரும்பினாளா?

இப்போது சூப்பர்வைசர் நூர்ஜஹான். வண்ணாரப்பேட்டைப் பெண். முதலாளி போனில் கத்தியது எங்களுக்கே கேட்டது.

"பாதிப் பேரையாவது நிறுத்தி வைம்மா!"

"யாரை சார் நிறுத்துறது? எல்லாம் ஒரே குப்பம்."

போனை வைத்தாள். இறால் மேல் ஐஸை அள்ளிக் கொட்டச் சொன்னாள். துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு எங்களோடு கிளம்பிவிட்டாள்!

"நீ இன்னாத்துக்கும்மா வர்றே? உன் வேலை பூடப் போவுது" என்றேன்.

"தேசம்மா எனுக்கு மட்டும் வேத்தாளா, பெரிம்மா?"

பிணத்தை எடுத்ததும் தலைமுழுகினோம். திரும்பி வாருங்கள் என்று நூர்ஜஹான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாமலே ஷெட்டுக்குப் போய்விட்டாள். வாயாடி கஸ்தூரிதான் தெருமுனையில் நின்று குரல் கொடுத்தாள்.

"இன்னாங்கடி பார்த்துகினு கீறீங்க? அந்தப் பொண்ணு ஷெட்டுல தனியா கெடந்து சாவணுமா? நடங்கடி!"

நான் கொஞ்சம் மெதுவாகத்தான் நடப்பேன். நிமிர்ந்து பார்த்தால்... தெரு முழுக்க ஈரக் கூந்தல்கள். எல்லாம் ஷெட்டைப் பார்த்துப் போகின்றன.

உள்ளே நூர்ஜஹான் உரித்துக்கொண்டிருந்தாள் — அவளும் எங்கள் வழக்கப்படி தலைமுழுகிவிட்டு. இறால் தலையோடு பாதிச் சதையையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"அய்ய, நவுரு! எறாலைக் கொலை பண்ணிகினு கீறே!" கஸ்தூரி அவளை இடித்துத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள்.

அதற்கப்புறம் எங்கள் கைகள் போன வேகத்தை நானே நம்பவில்லை. கன்டெய்னர் போயிற்று.

"எப்படிம்மா சமாளிச்சே?" என்று கேட்டாராம் முதலாளி.

"நான் ஒண்ணும் பண்ணலை சார். கேட்டைத் தொறந்து வுட்டேன்."

கேட்டில் பூட்டு மாட்டும் கொக்கி சும்மாதான் கிடக்கிறது... அதில் இப்போது கஸ்தூரியின் சோற்றுத் தூக்கு தொங்குகிறது!