பேனருக்குப் பின்னால் மூன்று மழைக்காலம்

முதல் அறிகுறி தூக்கம்தான். ஐப்பசி மழை பிடித்ததும் காலையில் கண் திறக்கும், உடம்பு எழாது. குழம்பில் உப்பு போட்டேனா என்பது நினைவிருக்காது. காரணமில்லாமல் அழுகை வரும். தை பிறந்தால் தானாகச் சரியாகும். இந்த வீட்டுக்குக் குடிவந்ததிலிருந்து மூன்று வருஷம் இப்படி.

மேற்குத் தாம்பரத்தில் ஸ்கூல் யூனிபார்ம் தைக்கும் இடத்தில் எனக்கு வேலை. மூன்றாம் வருஷம் சூப்பர்வைசர் அக்கா சொன்னார்: "இன்னும் ஒரு வாரம் லீவு போட்டா உன் மெஷின்ல வேற ஆள உக்கார வெச்சிடுவேன் கலா. கோச்சிக்காத."

பதினொரு வருஷமாக என் கால் பழகிய மெஷின். பயந்துபோய் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

பருவகால மனச்சோர்வு (வருஷத்தில் குறிப்பிட்ட காலத்தில் வந்து போகும் மனநோய்) போலத் தெரிகிறது, நம் ஊரில் குறைவுதான் என்றார் டாக்டர். உடல் கடிகாரம் (தூக்கத்தையும் விழிப்பையும் நேரப்படி நடத்தும் மூளையின் ஏற்பாடு) காலை வெளிச்சம் கண்ணில் பட்டுத்தான் தன்னைச் சரிசெய்துகொள்ளுமாம். வெளிச்சம் குறைந்தால் சிலருக்குப் பின்தங்கிவிடுமாம்.

"காலைல உங்க வீட்ல வெளிச்சம் வருமாம்மா?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. எங்களுக்கு வெளிச்சம் பால்கனி கிரில் வழியாக மட்டும்தான். சாரலுக்குப் பயந்து, ஆட்டோ ஓட்டும் என் வீட்டுக்காரர் ஐப்பசியிலேயே அதில் ஒரு பழைய ஊதா நிறக் கல்யாண பேனரைக் கட்டிவிடுவார். பொண்ணும் மாப்பிள்ளையும் பின்புறமாக, நிழலாகத் தெரிவார்கள். அந்த ஊதா வெளிச்சத்தில் குளத்தின் அடியில் கிடப்பதுபோலக் கிடப்பேன். மணி என்ன என்று அவர்களிடம் கேட்கத் தோன்றும்.

அது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். மாத்திரை எழுதினார். தினமும் ஒரே நேரத்தில் எழுந்து, மேகமாக இருந்தாலும் அரை மணி நேரம் வானத்தின் கீழ் இருக்கச் சொன்னார்.

வீட்டில் இதைச் சொன்னேன். வீட்டுக்காரர் ஸ்டூலில் ஏறி பேனர் கயிற்றை அறுத்தார். சாரல் உள்ளே வருமே என்றேன்.

"வூடு நனைஞ்சா தொடச்சிக்கலாம். மூணு வருஷமா நாந்தான் உன்ன மூடி வெச்சிகினு இருந்துகீறேன்."

உடனே குணமாகவில்லை. முதல் வாரம் மொட்டை மாடியில் குடையோடு நின்றபோது, "இன்னாம்மா, டிஷ் ஆன்டெனா மாரி நிக்கிற?" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டேன். ஆனாலும் இறங்கவில்லை. மூன்றாம் வாரம் நான் தைத்த சட்டைக் காலர்கள் மறுபடி நேராக வந்தன. மெஷின் என்னிடமே இருக்கிறது.

உங்களுக்கும் இப்படி என்றால் சோம்பல் என்று உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். எந்த மாதம் தொடங்கியது என்று குறித்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

இந்த ஐப்பசியிலும் மாத்திரை உண்டு, தரையில் ஈரமும் உண்டு. அலாரத்துக்கு முன்பே இமைக்குள் சாம்பல் நிறம் பரவுகிறது. மாடி ஏறுகிறேன். பேனர் இப்போது கீழே ஆட்டோவை மூடியிருக்கிறது. இருட்டு கொஞ்சம் கொஞ்சமாக விலக, பொண்ணும் மாப்பிள்ளையும் முகம் காட்டுகிறார்கள். மணி ஆறேகால். யாரும் சொல்ல வேண்டியதில்லை, உடம்புக்கே தெரிகிறது.