தோசைக்குக் கடித்த கரிமீன்

சீனியம்மாள் தோசையைத் தூண்டிலில் கோத்துக் கரிமீன் பிடிக்கிறாள் என்று முதலில் கேள்விப்பட்டபோது மட்டாஞ்சேரிப் படகுத்துறைக் கடவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும் என்று அவள் விட்டுவிட்டாள். மீன் கடித்தது, அவளுக்கு அது போதும்.

அவளுடைய ஊர் சாத்தூருக்குத் தெற்கே. அங்கே ஆற்றில் வருஷத்துக்குப் பத்து நாள் தண்ணீர் ஓடினால் பெரிய காரியம். புருஷன் ராமருக்கு மிளகுக் கிட்டங்கியில் மூட்டை சுமக்கும் வேலை கிடைத்து, எழுபத்தொன்றில் இருவரும் கொச்சிக்கு வந்தார்கள். காலையில் அவள் கடவில் அடுப்பு வைத்துத் தோசை சுட்டு விற்றாள். மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் சாயாவோடு தின்றுவிட்டுப் போவார்கள். மிஞ்சிய புளித்த தோசையைப் பிய்த்துக் காயலில் எறிவாள். எறிந்த இடத்தில் கரிமீன் கூட்டமாக வந்து வாய் வைப்பதைக் கண்டுபிடித்தவள் அவள்தான். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து அந்தத் தண்ணீரிலேயே கிடந்தவர்கள் கண்டுபிடிக்கவில்லை என்றால் அதற்கு அவள் என்ன செய்வாள்?

கரையில் ஒரு கொதும்பு வள்ளம் ஓட்டையாகிக் கவிழ்ந்து கிடந்தது. தென்னம்பாளை மாதிரி ஒடுங்கின, ஒரே ஆள் உட்காரக்கூடிய குட்டித் தோணி. உடையவனிடம் கேட்டு வாங்கி, கயிறும் தாரும் வைத்து அடைத்தாள். முதல் வாரம் நாலு தடவை தண்ணீரில் விழுந்தாள். ஐந்தாவது தடவையும் விழுந்தாள். புடவையைப் பிழிந்து கட்டிக்கொண்டு மறுபடி ஏறினாள். வருஷம் திரும்புவதற்குள் இரண்டு கையும் துடுப்பில், தூண்டில் நரம்பு கால் கட்டைவிரலில் என்று உட்கார்ந்து பழகிவிட்டாள். விரலில் வெடுக்கென்று இழுத்தால் கரிமீன், தடவிப் பார்த்தால் நண்டு.

எழுபத்தெட்டு ஐப்பசியில் கிழக்கே நல்ல மழை. ஆற்று வெள்ளத்தோடு ஆகாயத்தாமரை திட்டுத் திட்டாகக் காயலுக்கு இறங்கி வந்தது. அந்த மாதத்தில்தான் நாணுவின் கூடை காலியாக ஆரம்பித்தது. நாணு ஹோட்டல்களுக்கு உயிர்மீன் கொடுப்பவன். கரிமீன்களை மூங்கில் கூடையில் போட்டு, மூடியைக் கயிற்றால் கட்டி, காயலில் நட்ட கழியோடு சேர்த்து, மூடி மட்டும் மேலே தெரியும்படி தண்ணீருக்குள் இறக்கி வைப்பான். ஒரே மாதத்தில் மூன்று முறை கயிறு அறுந்து, மூடி திறந்து, கூடை வெறுங்கூடையாகக் கிடந்தது.

தோசையில் மீன் விழும் என்று நாணு ஒருநாளும் நம்பியதில்லை. அப்படியானால் தமிழ்நாட்டிலிருந்து வந்த இந்தப் பாண்டிக்காரிக்கு இத்தனை கரிமீன் எங்கிருந்து வருகிறது? கணக்கு அவனுக்குச் சுலபமாகச் சேர்ந்துவிட்டது. காலை வியாபாரத்தின் நடுவில் வந்து, தோசைக்கல் காய்ந்துகொண்டிருக்கும்போதே தொண்டை கிழியக் கத்தினான்.

"இவளாணு கள்ளி. பாண்டிக் கள்ளி."

அவளுடைய துடுப்பைப் பிடுங்கிப் போய்த் தன் கொட்டகையில் மாட்டினான். இனி வள்ளம் தண்ணீரில் இறங்கினால் உடைத்துவிடுவதாகவும் சொன்னான். கடவில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். எல்லாரும் அவள் தோசையை ஏழு வருஷமாகத் தின்றவர்கள். ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லை. நாணு கத்தியதைவிட அதுதான் அவளுக்கு நெஞ்சில் தைத்தது.

அன்று ராத்திரி ராமர் கெஞ்சினார். பிழைக்க வந்த இடம், மீனை விட்டுவிடு, தோசையே போதும் என்றார். நல்ல மனுஷன், பயந்த மனுஷன். திருடியிருந்தால் விட்டுவிடலாம், திருடாமல் எப்படி விடுவது என்று கேட்டுவிட்டு அவள் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. முந்தின நாள் தோசையை மடியில் கட்டிக்கொண்டாள். துடுப்பு இல்லையென்றால் என்ன, தென்னை மட்டை இல்லையா? மட்டையைப் போட்டுத் துழாவி நேரே நாணுவின் கழிக்குப் போய், அதிலேயே வள்ளத்தைக் கட்டினாள். நல்ல வெயில். கடவிலிருந்து பார்த்தால் தெரியும்படி நடுக் காயலில் உட்கார்ந்து தூண்டிலை இறக்கினாள். கூடைக்கு வரும் திருடனை இன்று பார்த்துவிடுவது, அதுவரை எழுந்திருப்பதில்லை என்பது அவள் தீர்மானம்.

மூன்று கரிமீன் விழுந்தது. நாலாவதற்குக் காத்திருந்தபோது ஓர் ஆகாயத்தாமரைத் திட்டு மிதந்து வந்து கழியில் தட்டி நின்றது. இலைகள் அசைந்தன. முதலில் மீசை தெரிந்தது, பிறகு தட்டை மூக்கு, நனைந்து வழுவழுத்த தலை. பின்னாலேயே சின்னதாக இன்னும் இரண்டு தலை. நீர்நாய் என்ற பேரைத்தான் அவள் கேட்டிருந்தாள். கப்பலும் போட்டும் போகிற இந்தத் தண்ணீரில் அது வரும் என்று யாரும் சொன்னதில்லை. தாய் கயிற்றைக் கடித்து இழுத்தது. மூடியை மூக்கால் நெம்பியது. ஒரு கரிமீனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தலையிலிருந்து நறுக்கு நறுக்கென்று கடித்தது.

சீனியம்மாளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கட்டைவிரலில் நரம்பு வெடுக்கென்று இழுத்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை.

"அடி திருடி, எம் பேரையில்ல கெடுத்துட்ட" என்றாள் மெதுவாக.

அந்த நேரம் பார்த்து நாணுவின் வள்ளம் வந்தது. தன் கழியில் அவள் வள்ளம் கட்டியிருப்பதைக் கரையிலிருந்து பார்த்து, கோபத்தில் துடுப்புப் போட்டு வந்திருந்தான். துடுப்புச் சத்தம் கேட்டதும் மூன்று தலையும் தண்ணீருக்குள் போய்விட்டன. மிஞ்சியது திறந்த கூடை, கடித்த மீன், பக்கத்தில் அவள். கையும் களவுமாகப் பிடித்தாயிற்று என்று நாணுவின் முகம் மலர்ந்துவிட்டது.

அவள் தன் மூன்று கரிமீனில் பெரியதை எடுத்து இலைத் திட்டின்மேல் வீசினாள். அவனை உட்காரும்படி கையைக் காட்டினாள். அவள் முகத்தில் என்ன இருந்ததோ, அவனும் உட்கார்ந்துவிட்டான். மீன் துள்ளிக்கொண்டிருந்தது. துள்ளல் அடங்கியது. ஒன்றும் வரவில்லை. இரண்டாவது மீனையும் வீசினாள். இனி வராது, நம் கதை முடிந்தது என்று அவள் நினைத்தபோது இலைகள் விலகின. ஒரு மாதமாக ஓசிச் சாப்பாட்டில் பழகிய பிராணி, ஆசை பயத்தை மீறிவிட்டது. தாய் ஏறி உட்கார்ந்து, ஆள் இருக்கிறதே என்ற கூச்சமில்லாமல் தின்றது.

நாணுவின் வாய் பிளந்தது. பிறகு துடுப்பை ஓங்கினான். சீனியம்மாள் எட்டி அதைப் பிடித்துக்கொண்டாள்.

"அது என் சாட்சி. கைய வச்சுப் பாரு."

அவன் துடுப்பை இறக்கினான். கூடவே குரலும் இறங்கியது.

"சேச்சி, இது நம்மள் ரெண்டு பேர் அறிஞ்சால் மதி."

விஷயம் இரண்டு பேரோடு போதுமாம், பிடுங்கிய துடுப்பைத் தந்துவிடுவானாம். வள்ளத்தைப் பழைய இடத்திலேயே கட்டிக்கொள்ளலாமாம். மூக்குக்குக் கீழே ஒரு நீர்நாய் கூடையைக் காலி பண்ணியது வெளியே தெரிந்தால் அவன் கடவில் தலைகாட்ட முடியாது. மானம் அவனுக்கு மட்டும்தான் இருப்பதாக நினைப்பு.

"கள்ளின்னு ரெண்டு பேர்ட்டயா சொன்ன? கடவே கேக்கத்தான சொன்ன. இல்லைங்கிறதையும் கடவு கேக்கச் சொல்லு."

மத்தியானம் கிட்டங்கிகள் சாப்பாட்டுக்கு விட்ட நேரம். கடவு நிறைய ஆட்கள். நாணு துடுப்பைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான். தரையைப் பார்த்துக்கொண்டு என்னமோ முனகினான்.

"கேக்கல. அன்னைக்கு எம்புட்டுச் சத்தமோ அம்புட்டுச் சத்தமாச் சொல்லு."

நாணு சுற்றிலும் பார்த்தான். தப்பிக்க வழியில்லை.

"சீனியம்மச் சேச்சி கள்ளியல்ல. மீனெடுத்தது நீர்நாயாணு."

துறையில் நின்ற போட்டிலிருந்துகூடத் தலைகள் திரும்பின. கூட்டம் சிரித்தது, இந்தத் தடவை நாணுவைப் பார்த்து. அவள் சிரிக்கவில்லை. சுமட்டுக்காரர்களில் ஒருவன் சமாதானம் பண்ணுகிற குரலில், காலையில் அடுப்பு எரியவில்லையே, நாளைக்காவது தோசை உண்டா என்று கேட்டான்.

சீனியம்மாள் துடுப்பை எடுத்துத் தோளில் சாத்திக்கொண்டாள். அந்தப் பத்துப் பன்னிரண்டு முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"மீனுக்கு உண்டு. அன்னைக்குத் தொறக்காத வாயி இன்னைக்குத் திங்க மட்டும் ஏன் தொறக்குது?"

எண்பத்தொன்பது வரை அவள் அந்தக் கடவிலிருந்துதான் வள்ளம் இறக்கினாள். அடுப்பை அங்கே மறுபடி வைக்கவேயில்லை.