மரியா எஸ்.வி.சி.க்கு எடுத்துவைத்த கேக்

ஏசியிலிருந்து பச்சை வாளிக்குள் தண்ணீர் சொட்டும். பினாயில் வாசனையோடு சூடான பிளாஸ்டிக் வாசனையும் கலந்து வரும்...

கருங்கல் என்ற ஊர்ப் பக்கம் ஒரு மருத்துவமனையின் சர்வர் அறை அது. தொலைபேசித் துறையில் ஓய்வு பெற்றபின் அங்கே சில வருடங்கள் இருந்தேன். நோயாளிகளின் ஸ்கேன், ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரு ஃபைல் டிரான்ஸ்ஃபர் மென்பொருள் வழியாகத் திருவனந்தபுரத்து டாக்டர்களுக்கு அனுப்புவது எங்கள் பிரிவு. நானும் லிஜியும்தான் ஆட்கள்.

லிஜிக்குக் களியக்காவிளையில் மாப்பிள்ளை பார்த்து நிச்சயம் முடிந்திருந்தது. நான் எதையும் சரிபார்த்துவிட்டு மறுபடியும் சரிபார்க்கிறவன். அவளுக்கு அது வேடிக்கை.

"வீட்டப் பூட்டிட்டுதான வந்தீங்க சார்? எதுக்கும் ஒருக்கா போய்ப் பாத்துட்டு வாருங்க."

ஒருநாள் காலையில் மென்பொருள் கம்பெனியிலிருந்து மெயில். மென்பொருளில் ஓட்டை இருக்கிறது, பாஸ்வேர்டு இல்லாமலே யாரும் உள்ளே வரலாம், ஓட்டையை அடைக்கும் பேட்சை உடனே போடுங்கள் என்று. கூடவே, பயனர் பட்டியலில் தெரியாத பெயர் ஏதும் இருக்கிறதா என்று பார்க்கவும் சொல்லியிருந்தார்கள்.

நெட் கேபிளைக் கழற்றினேன். லிஜி பெயர்களை வாசிக்க, நான் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே வந்தேன்.

"maria_svc... நம்ம சிஸ்டர் மரியா, சார்."

நானும் குறித்துவிட்டேன். எங்கள் ஊரில் கன்னியாஸ்திரிகள் பெயருக்குப் பின்னால் தங்கள் சபையின் எழுத்துகளைப் போடுவார்கள். அதனால் அந்தப் பெயரைப் பார்த்தபோதெல்லாம் யாரோ ஒரு சிஸ்டர் என்றே நாங்கள் இருவரும் நினைத்திருந்தோம்.

"ஆளு எப்படி இருப்பாங்க, லிஜி?"

"நான் பாத்ததில்ல... நீங்க பாத்திருக்கீங்கன்னுல்லா நெனச்சேன்!"

மருத்துவமனையை நடத்தும் மதருக்குப் போன் செய்தேன்.

"எஸ்.வி.சி.யா? இந்தப் பக்கம் அப்படி ஒரு சபை கெடையாது சாரே. மரியான்னும் இங்க ஆரும் இல்ல."

கம்பெனிக்காரரை அழைத்தேன். 'svc' என்பது 'சர்வீஸ்' என்ற சொல்லின் சுருக்கமாம். மரியா என்பது ஒரு டேட்டாபேஸ் மென்பொருளின் பெயராம். உள்ளே நுழைந்த திருடன், கம்ப்யூட்டரே உருவாக்கிக்கொண்ட கணக்கு போலத் தெரியட்டும் என்று அந்தப் பெயரை வைத்திருக்கிறான்... நாங்களோ அவனைக் கன்னியாஸ்திரியாக்கிவிட்டோம்.

"கிறிஸ்மஸுக்கு லிஸ்ட பாத்து கேக்கு வேற எடுத்து வச்சேனே சார்... அந்தக் கள்ளப் பயலுக்கு!"

சிரிக்கத்தான் தொடங்கினாள். பாதியிலேயே நின்றுவிட்டது.

"என்னத்த எல்லாம் எடுத்திருக்கான்?"

யார் எந்தக் கோப்பை எடுத்தார் என்று காட்டும் பதிவுகளைத் திறந்தேன். நரம்பியல் பிரிவின் ஃபோல்டர் அப்படியே போயிருந்தது. லிஜி கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"எனக்க ரிப்போர்ட்டும் அதுல உண்டுமா சார்?"

அவளுக்குச் சிறு வயதிலிருந்தே வலிப்பு உண்டு. மாத்திரையில் அடங்கியிருந்தது. அவளுடைய வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் அதைச் சொல்லியிருக்கவில்லை. எனக்கே அன்று அவள் சொல்லித்தான் தெரியும்.

தேடினேன். இருந்தது. மறுபடி தேடினேன். இன்னொரு தடவை தேடினால் இல்லாமல் போகும் என்பதுபோல மீண்டும் தேடினேன். 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அவள் நிம்மதியாக இருப்பாள் என்றும் தோன்றியது...

"உண்டு, பிள்ளே."

அவள் திரையில் தன் பெயரை ஒருமுறை வாசித்தாள்.

"நானே சொல்லிட்டா, அந்தக் கள்ளனுக்க கையில பின்ன என்ன இருக்கு சார்?"

மாப்பிள்ளைக்குப் போன் போட்டுக்கொண்டு மாடிப்படிக்குப் போனாள். அவள் பேசியது எனக்குக் கேட்டது.

"ஆமா... சின்னதுலேருந்தே... மாத்திர உண்டு... இல்ல, இப்ப ஒண்ணும் சொல்லாண்டாம். யோசிச்சு சொன்னா மதி, அது போதும்."

திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மரியாவை நீக்கினோம். பேட்ச் ஏறி முடியும்வரை இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். மற்ற நோயாளிகளுக்கும் தகவல் சொல்ல மதர் ஏற்பாடு செய்தார்.

அந்த வாரமே களியக்காவிளையிலிருந்து, சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டார்கள்.

திருடு போன கோப்புகள் எங்கேயும் வெளிவந்ததாக இன்றுவரை தகவல் இல்லை. அதுதான் என்னை உலுக்கியது. அவளுடைய ரகசியத்தை வெளியே சொன்னது அவள் ஒருத்திதான். என் வார்த்தையைக் கேட்டுத்தான் சொன்னாள். அன்று நான் 'இல்லை' என்று சொல்லியிருக்கலாமோ... இதை எத்தனை விதமாக யோசித்தும் எனக்குத் தீர்ப்புக் கிடைக்கவில்லை.

இப்போது நான் வீட்டோடு இருக்கிறேன். லிஜி கொச்சியில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். கல்யாணமாகி ஒரு மகளும் இருக்கிறாள். போன வாரம் போனில் பேசும்போது, என் மனதில் இருந்ததைத் தயங்கித் தயங்கிக் கேட்டேவிட்டேன்.

"நல்ல ஆளுதான் நீங்க! அன்னைக்கு 'இல்ல'ன்னு சொல்லியிருந்தா, இப்பவும் அந்தக் களியக்காவிளைக்காரனுக்க அம்மைக்குப் பயந்து மாத்திரைய அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சிட்டிருப்பேன் சார். இங்க சாப்பாட்டு மேசையில உப்பு டப்பாவுக்குப் பக்கத்துல இருக்கு. நான் மறந்தா எனக்க மோளு எடுத்துத் தருவா."